இங்கிரிட் பெர்க்மன் வாழ்ந்த இடங்களுக்குப் போக: விசா முதல் கடைசிப் படகு வரை

ஸ்வீடனில் பிறந்து ஹாலிவுட்டில் புகழ்பெற்ற நடிகை இங்கிரிட் பெர்க்மனின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர் நடமாடிய இடங்களை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இந்தப் பயணம் இரண்டாவது முயற்சியில்தான் கைகூடியது. முதல் வருடம், விசாவுக்காக நாட்களை எண்ணியதில் நடந்த ஒரே ஒரு தப்பால் அந்தக் கோடையே கைநழுவிப் போனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. பிறந்த வீடும் படித்த நாடகப் பள்ளியும் ஸ்டாக்ஹோமில். வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட படம் எடுத்த இடம் இத்தாலியின் எரிமலைத் தீவான ஸ்ட்ரோம்போலி. பிற்காலக் கோடைகளைக் கழித்தது ஸ்வீடனின் மேற்குக் கரையில் ஃபியெல்பக்கா என்ற சின்ன மீன்பிடி ஊருக்கு எதிரே இருக்கும் தீவு. இந்த மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். பதினொன்று, பன்னிரண்டு நாள் இருந்தால் போதும்.

## 1. கிளம்புவதற்கு முன் நாலு படங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். படம் பார்க்காமல் போனால் ஸ்ட்ரோம்போலி வெறும் கறுப்பு மணல், ஃபியெல்பக்கா வெறும் படகுத்துறை.

1936-இல் வந்த ‘இன்டர்மெட்ஸோ’வை ஸ்வீடிஷ் மொழியிலேயே பாருங்கள். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஹாலிவுட் அவரை அழைத்தது. 1939-இல் அதையே ஆங்கிலத்தில் மறுபடியும் எடுத்தார்கள். தேடும்போது ஆங்கிலப் படம்தான் முதலில் வந்து நிற்கும், வருடத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1942-இன் ‘காஸாபிளாங்கா’. மூன்றாவது ‘ஸ்ட்ரோம்போலி’. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அமெரிக்காவில் 1950-இல் வெளியானது வெட்டிச் சுருக்கிய படம், ஓட்டம் சுமார் 81 நிமிடம். முழுப் படம் நூறு நிமிடத்தைத் தாண்டும். ஓடும் நேரத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். முடிவே வேறு மாதிரி தெரியும்.

கடைசியாக 1978-இன் ‘இலையுதிர் கால சொனாட்டா’. இங்மார் பெர்க்மன் இயக்கியது, அவர் உறவினர் அல்ல. திரையரங்குக்காக இங்கிரிட் நடித்த கடைசிப் படம் இது. புகழ்பெற்ற பியானோ கலைஞரான தாயாக அவர், மகளாக லிவ் உல்மன். மகள் தடுமாறித் தடுமாறி ஷோபானின் பியானோ இசையை வாசிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் தாயின் முகத்தை மட்டும் காமிரா பிடித்துக்கொண்டே இருக்கும். வசனமே கிடையாது. அந்த இடத்தை இரண்டு தடவை பாருங்கள்.

## 2. எந்த மாதம், எந்த வரிசை

ஜூன் முதல் பாதிதான் என் தேர்வு. ஸ்ட்ரோம்போலிக்குப் போதுமான படகுகள் ஓடும், வெயில் தாங்கும்படி இருக்கும். ஸ்டாக்ஹோமில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் ஒரு நாளில் நிறைய நடக்கலாம்.

தவிர்க்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை ஸ்வீடன்காரர்களுக்கு நடுக்கோடைத் திருவிழாவின் முதல் நாள். நம் ஊர்ப் பொங்கல் மாதிரி நகரமே காலியாகிவிடும். கடைகள் மூடிக் கிடக்கும், பேருந்துகள் குறையும், கடலோர ஊர்களில் அறையே கிடைக்காது. ஜூலையில் நாடே விடுமுறையில் இருப்பதால் ஃபியெல்பக்காவில் வாடகை எகிறும். இத்தாலியில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களும் அப்படித்தான்.

வரிசை: முதலில் ஸ்ட்ரோம்போலி, அப்புறம் ஸ்டாக்ஹோம், கடைசியில் ஃபியெல்பக்கா. வாழ்க்கை நடந்த வரிசை இதுவல்ல என்று தெரியும். ஆனால் கடல் கொந்தளித்தால் ஸ்ட்ரோம்போலிப் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அதைப் பயணத்தின் கடைசியில் வைத்தால் ஊர் திரும்பும் விமானத்தையே விட நேரிடும். முதலில் வைத்தால் ஒரு நாள் போனாலும் சமாளிக்கலாம். ரோமில் இறங்கி, ஸ்வீடனின் மேற்குக் கரை நகரமான யோத்தபோரியில் (Gothenburg) ஏறும்படி டிக்கெட் போடுங்கள். ரோம் போய் ரோமிலிருந்தே திரும்பும் டிக்கெட் மலிவாகத் தெரியும். ஆனால் திரும்ப ரோமுக்கு வரும் செலவைக் கூட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

## 3. விசா: நாள்கணக்கில் தவறாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இத்தாலி, ஸ்வீடன் இரண்டும் ஷெங்கன் நாடுகள், அதாவது பொது விசா ஒப்பந்தத்தில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள், எனவே ஒரே விசா போதும். ஆனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதற்குக் கறாரான விதி இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். இரண்டிலும் சம நாள் என்றால், முதலில் நுழையும் நாட்டிடம்.

என் முதல் திட்டத்தில் இத்தாலியில் ஆறு இரவு, ஸ்வீடனில் ஐந்து இரவு. “ஸ்வீடனுக்கே போடலாம், ஒன்றும் ஆகாது” என்றார் நான் நம்பிய பயண முகவர். கவுன்டரில் தாள்களைப் புரட்டிய பெண் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, இதை இத்தாலியிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த தேதி கிடைப்பதற்குள் ஜூன் போய்விட்டது. இரண்டாவது முறை இத்தாலிக்கு நாலு இரவு, ஸ்வீடனுக்கு ஏழு இரவு என்று தெளிவாக வைத்தேன். ரோமில் இறங்கினாலும் அதிக நாள் ஸ்வீடனில் என்பதால் ஸ்வீடனிடமே விண்ணப்பித்தேன், கேள்வியே இல்லை.

காலம்: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும். முடிவு 15 நாளில் வர வேண்டும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே ஏப்ரல், மே மாதங்களில் கஷ்டம். ஜூனில் போக வேண்டுமானால் பிப்ரவரியிலேயே தேதி எடுத்துவிடுங்கள்.

கட்டணம்: பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வராது.

தாள்கள்: பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் கொடுத்ததாகவும், திரும்பி வரும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுமைக்கும், எல்லா நாளுக்கும். ஒரு நாள் குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, வேலை பார்ப்பவர் என்றால் விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, போக வர டிக்கெட் முன்பதிவு. விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். முன்பதிவுத் தாளே போதும். கையிருப்புக்கு ஸ்வீடன் பார்க்கும் அளவு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 450 குரோனா (ஸ்வீடன் நாணயம்). அதற்கு மேல் தாராளமாகவே காட்டுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் பெரிய தொகையைப் போட்டு நிரப்பாதீர்கள், சந்தேகம் வரும்.

விளக்கக் கடிதத்தில் உண்மையான காரணத்தையே எழுதுங்கள். “சுற்றுலா” என்று ஒரே வரியில் முடிக்காமல், இந்த நடிகையின் வாழ்விடங்களைப் பார்க்கப் போகிறேன், இந்தத் தேதியில் இந்த ஊர், இங்கிருந்து இங்கே இந்த ரயில் என்று ஒரு பக்கம் எழுதினேன். எரிமலைத் தீவும் குக்கிராமமும் ஏன் திட்டத்தில் இருக்கின்றன என்ற கேள்விக்கு அதிலேயே பதில் இருந்தது.

## 4. இனிஷியல், கார்டு

நம் ஆட்களுக்கென்றே வரும் சிக்கல் இது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், வங்கியில் இனிஷியல் மட்டும் இருக்கும், அலுவலகக் கடிதத்தில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தானா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. வங்கியில் கேட்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்ட ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். விமானம், விடுதி, காப்பீடு எல்லாமே பாஸ்போர்ட் எழுத்துப்படி இருக்கட்டும்.

ஸ்வீடனில் ரொக்கம் கிட்டத்தட்ட செல்லாக்காசு. பேருந்து, காபிக் கடை, அருங்காட்சியகம் எங்கும் கார்டுதான். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் திறந்துவைத்துவிடுங்கள். ஸ்ட்ரோம்போலியில் நேர் எதிர், கையில் நூறு இருநூறு யூரோ ரொக்கம் இருந்தால் நல்லது.

## 5. ஸ்ட்ரோம்போலி: இரண்டு இரவு

1948-இல், ஹாலிவுட்டின் உச்சியில் இருந்தபோது, இத்தாலிய இயக்குநர் ரொபெர்த்தோ ரொஸ்ஸெல்லினியின் படங்களைப் பார்த்துவிட்டு உங்கள் படத்தில் நடிக்க வருகிறேன் என்று இங்கிரிட் கடிதம் எழுதினார். 1949-இல் ‘ஸ்ட்ரோம்போலி’ படம் எடுக்க இருவரும் வந்து இறங்கிய தீவு இது. கணவரும் மகளும் அமெரிக்காவில் இருக்க, இங்கே ரொஸ்ஸெல்லினியோடு சேர்ந்ததற்காக 1950 மார்ச்சில் அமெரிக்க செனட்டிலேயே எட்வின் ஜான்சன் என்பவர் எழுந்து அவரைச் சாடினார். அவையில் அதற்கு வருத்தம் தெரிவிக்க 1972-இல் இன்னொரு செனட்டர் எழுந்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெண் இழந்ததை யார் திருப்பித் தந்தார்கள்? தீவில் நிற்கும்போது எனக்கு இதுதான் மனதில் ஓடியது.

போவது எப்படி: ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். நேப்பிள்ஸிலிருந்து இரவுக் கப்பல் இருக்கிறது, வாரத்தில் சில நாள் மட்டும். அந்த நாளைப் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். அது அமையாவிட்டால் சிசிலியின் மிலாட்ஸோ துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் இரண்டரை, மூன்று மணி நேரம். இரவுக் கப்பலே என் பரிந்துரை. விடியும் முன் எழுந்து மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். இருட்டில் மலை தெரியாது. திடீரென்று உயரத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் எழும்பி, நாலைந்து நொடியில் அணையும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். எரிமலை பல நூற்றாண்டுகளாக இப்படியே விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருக்கிறது.

இறங்கியதும் துறையில் விடுதிக்காரர்கள் பெட்டிகளை ஏற்ற மூன்று சக்கர வண்டியோடு நிற்பார்கள். நம் ஊர் ஆப்பே லோடு ஆட்டோவேதான், அதன் தாயகம் இத்தாலி. தெரு அந்த வண்டி போகும் அகலம்தான்.

சான் வின்சென்ஸோ தேவாலயத்துக்குப் பக்கத்தில், பிரதான தெருவில் செங்காவி பூசிய வீடு ஒன்று இருக்கும். 1949 வசந்தத்தில் படம் எடுத்தபோது இங்கிரிட் பெர்க்மன் இங்கே தங்கியிருந்தார் என்று சுவரில் பளிங்குப் பலகை. தெருவிலிருந்து பார்க்க வேண்டிய வீடு, கதவைத் தட்டாதீர்கள். பெயர்ப் பலகை சின்னது. நான் அந்த வழியாக இரண்டு தடவை கடந்து போன பிறகுதான் கண்ணில் பட்டது.

படத்தின் கடைசியில் கதாநாயகி கரின் எரிமலை மேல் ஏறுவாள். நீங்களும் உச்சிவரை ஏறலாம் என்று நினைத்து வராதீர்கள். உச்சி 924 மீட்டர். 2019 வெடிப்புகளுக்குப் பிறகு வழிகாட்டி இல்லாமல் 290 மீட்டர், வழிகாட்டியோடு 400 மீட்டர் வரைதான் என்று கட்டுப்பாடு வந்தது. எரிமலையின் நிலையைப் பொறுத்து அதுவும் மாறும். போன அன்றே ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற முடியாவிட்டால் மாலையில் நெருப்புச் சரிவைக் கடலிலிருந்து காட்டும் படகுகள் உண்டு.

டார்ச் லைட் கட்டாயம். ஊருக்குள் தெருவிளக்கு அநேகமாக இல்லை.

## 6. ஸ்டாக்ஹோம்: மூன்று நாள்

நகரின் நடுவில் இருப்பதையெல்லாம் நடந்தே பார்க்கலாம். 1915 ஆகஸ்ட் 29-இல் இங்கிரிட் பிறந்தது ஸ்ட்ராண்ட்வேகன் 3-ஆம் எண் கட்டடத்தில். நீர்க்கரையை ஒட்டிய பணக்காரத் தெரு. அப்பா புகைப்படக் கடை வைத்திருந்தார், மகளை ஓயாமல் படம் பிடித்தார். அம்மா மகளுக்கு மூன்று வயது ஆகும் முன்பே இறந்துவிட்டார். அப்பாவும் 1929-இல் போய்விட்டார்.

அந்தக் கட்டடத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் நியூப்ரோபிளான் சதுக்கமும் டிராமாட்டன் என்னும் அரசு நாடக அரங்கும். 1933-இல் அதன் பள்ளிக்கான தேர்வில் மேடையேறி அவர் நடிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நடுவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்து, போதும் என்று நிறுத்திவிட்டார்களாம். தோற்றுவிட்டோம் என்று எதிரே இருந்த படகுத்துறைக்கு வந்து தண்ணீரைப் பார்த்தபடி நின்றதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். உண்மையில் பார்த்த மாத்திரத்தில் தேர்வாகியிருந்தார், அதற்குமேல் பார்க்கத் தேவையில்லை என்றுதான் நிறுத்தினார்கள். அரங்கின் படிக்கட்டில் நின்று பாருங்கள், தண்ணீர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பதினேழு வயதுப் பெண் எத்தனை அடி நடந்திருப்பாள் என்று எண்ணிவிடலாம்.

அரங்கைச் சுற்றிக் காட்டுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஸ்வீடிஷ் மொழியில். ஆங்கிலச் சுற்று எந்த நாளில் என்று ஊர் போகும் முன்பே பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

அடுத்த நாளை ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவுக்கு வையுங்கள். ரோசுண்டாவில் பழைய படப்பிடிப்பு வளாகமான ஃபில்ம்ஸ்டாடன் இருக்கிறது, இப்போது சுற்றிலும் குடியிருப்புகள். 1932-இல் கும்பலில் ஒரு பெண்ணாக முதல் தடவை காமிரா முன் நின்றார், பெயர்கூட வரவில்லை. பிற்பகலில் வடக்கு இடுகாட்டுக்குப் போங்கள். ஆல்பிரட் நோபல் புதைக்கப்பட்டதும் இதே இடத்தில்தான். இடம் மிகப் பெரியது, கல்லறை எண் தெரியாமல் போனால் அரை நாள் அலைவீர்கள். ஸ்டாக்ஹோமில் கல்லறைகளைத் தேடித்தரும் இணையச் சேவை உண்டு, எண்ணையும் வரைபடத்தையும் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு கிளம்புங்கள். அப்பா, அம்மாவோடு ஒரே குடும்பக் கல்லறை. அலங்காரம் எதுவும் இல்லை.

வழி கேட்கும்போது “பெர்க்மன்” என்றால் சிலருக்குச் சட்டென்று புரியாது. அங்கே அது கிட்டத்தட்ட “பேரிமான்”.

செலவைக் குறைக்க வழி: வேலை நாட்களில் பதினொன்று முதல் இரண்டு மணி வரை உணவகங்களில் ‘இன்றைய மதிய உணவு’ போடுவார்கள். 120 முதல் 150 குரோனாவுக்கு சாலட், ரொட்டி, காபியோடு வயிறு நிறையும். இரவு அதே கடையில் இரண்டு மடங்கு.

## 7. ஃபியெல்பக்கா: மூன்று இரவு

1958-இல் நாடகத் தயாரிப்பாளர் லார்ஸ் ஷ்மித்தை மணந்தார். அவருக்குச் சொந்தமான தீவு டன்ஹோல்மன். மரமில்லாத பாறையும் கடலும்தான். கோடை தோறும் இங்கே வந்து பாத்திரம் தேய்த்து, கடலில் குளித்து, வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மணமுறிவுக்குப் பிறகும் அந்த நட்பு போகவில்லை.

ஸ்டாக்ஹோமிலிருந்து யோத்தபோரிக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். டிக்கெட்டை மாதங்களுக்கு முன் எடுத்தால் பாதி விலை. அங்கிருந்து ஸ்ட்ரோம்ஸ்டாட் போகும் ரயிலில் டிங்லே நிலையத்தில் இறங்கிப் பேருந்து. மொத்தம் இரண்டரை, மூன்று மணி நேரம். கோடையில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், போகும் வாரம் செயலியில் பாருங்கள். டிங்லேயில் மாலைப் பேருந்தை விட்டுவிட்டால் அடுத்தது எப்போது என்பதற்கு உத்தரவாதமில்லை. காலை ரயிலையே பிடியுங்கள்.

ஊர் நடுவில் துறைமுகத்தை ஒட்டி இங்கிரிட் பெர்க்மன் சதுக்கம். அவருடைய மார்பளவுச் சிலை கடலைப் பார்த்திருக்கிறது. பின்னால் செங்குத்தான பாறை மலை, நடுவில் பிளந்த ஒரு சந்து. தலைக்கு மேலே பெரிய பாறாங்கற்கள் இரண்டு சுவர்களுக்கிடையே சிக்கி நிற்கும். மரப்படிகளில் ஏறி மேலே போனால் தீவுக்கூட்டம் முழுக்கக் கண்ணில் விரியும். பிடிப்புள்ள காலணி போடுங்கள், மழை பெய்தால் படி வழுக்கும்.

டன்ஹோல்மன் தனியார் தீவு, இறங்க முடியாது. துறையிலிருந்து கிளம்பும் தீவுச் சுற்றுப் படகுகளில் எது அந்தப் பக்கமாகப் போகிறது என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள், எல்லாப் படகும் போவதில்லை. ஜூன் முதல் பாதியில் தினமும் ஓடாது. காற்று அடித்தால் ரத்தாகும். மூன்று இரவு தங்கச் சொல்வது அதனால்தான். எனக்கு முதல் நாள் ரத்து, இரண்டாவது நாள் கிடைத்தது.

1982-இல், பிறந்த அதே ஆகஸ்ட் 29-ஆம் தேதி லண்டனில் அவர் இறந்தார். அஸ்தியின் பெரும்பகுதியை இந்தத் தண்ணீரில்தான் தூவினார்கள். படகுக்காரர் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, மீனவர் குடிலைப் போன்ற வீட்டைக் கையால் காட்டினார். யாரும் பேசவில்லை. இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் போகும்போது தீவு சரியாகத் தெரிந்தது. ஏறும்போதே எந்தப் பக்கம் என்று கேட்டு உட்காருங்கள், கூடவே கம்பளிச் சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஜூனிலும் அந்தக் காற்று குளிரும்.